அரக்குக் கரைப் போர்வை

என் மனைவி சமைக்கும்போது, உப்புப் பார்க்கச் சொல்லி ஒரு நாளும் என் முன்னால் கரண்டியை நீட்டியதில்லை. தானே நாக்கில் விட்டுப் பார்ப்பதும் கிடையாது. கை அள்ளும், போடும், சரியாக இருக்கும். வாசலில் கோலம் போட்டு முடித்தால் நாலடி தள்ளி நின்று பார்க்கிற பழக்கமும் இல்லை. மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவாள். கல்யாணமான புதிதில் இதை நான் திமிர் என்று நினைத்தேன். நான் எதையும் இரண்டு தரம் அளந்து, மூன்றாவது தரம் சந்தேகப்படுகிற ஆள். முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த பிறகுதான், அது திமிர் இல்லை, தன் கை மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை என்று புரிந்தது. புரிந்த கொஞ்ச நாளிலேயே அதை நானே கெடுத்தேன். கெடுத்த கதையைத்தான் எழுதுகிறேன்.

என் தொழிலை முதலில் சொல்லிவிட வேண்டும். கோயமுத்தூரில் தடுக்கி விழுந்தால் ஒரு பம்பு கம்பெனி வாசலில்தான் விழ வேண்டும். அந்தப் பம்புக்கு இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால் மண்ணில் ஓர் அச்சுப் பதிக்க வேண்டும். அச்சுப் பதிக்கிற மரச்சாமானுக்குப் பேட்டர்ன் என்று பெயர். கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் முப்பத்து மூன்று வருஷம் அதைச் செய்தேன். டிராயிங் கையில் வரும். அதில் போட்டிருக்கிற அளவை அப்படியே மரத்தில் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் பழைய சாமான் ஒன்று மாதிரிக்குக் கிடந்தாலும் அதைத் தொடக் கூடாது. மாதிரி தேய்ந்திருக்கும், பொய் சொல்லும்; டிராயிங் சொல்லாது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்கள் காதைத் திருகிச் சொன்ன பாடம் அது.

ஓய்வு பெற்று வரும்போது கருவிப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உளி, இழைப்புளி, அரம், ரெண்டடி நீள எஃகு ஸ்கேல் ஒன்று. வீட்டில் எந்தச் சாமான் எப்போது அளக்கப்பட்டாலும் அந்த ஸ்கேல்தான். வேறு யாராவது டேப்பை எடுத்து நீட்டினால் எனக்குச் சிரிப்பு வரும்.

எங்களுக்கு ஒரே மகள், கனடாவில் இருக்கிறாள். அம்மாவுக்கு அறுபது வயது முடிகிறது என்று அங்கிருந்து ஒரு பெட்டி அனுப்பினாள். குயில்ட் கிட் என்று மேலே எழுதியிருந்தது. குயில்ட் என்றால் ஒன்றுமில்லை, ஒட்டுத்துணிப் போர்வை. மேலே துணிச் சதுரங்களைச் சேர்த்துத் தைத்த ஒரு விரிப்பு, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு, சுற்றிலும் ஓரத்தை மூடிப் பிடிக்கிற ஒரு பட்டி. பெட்டியில் எண்பது சதுரங்கள் வெட்டித் தயாராக இருந்தன. ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக வெட்டியிருந்தார்கள், நூல் பிரியாமல் இருக்க. நாற்பது வெள்ளையில் நீலப் பூப் போட்டது, நாற்பது வெறும் சாம்பல். ஒரு வரிசை பூ, ஒரு வரிசை சாம்பல் என்று பத்து வரிசை. ஓரப்பட்டியும் சாம்பல், விரல் அகலம்கூட இல்லை. கூடவே படம் போட்ட ஒரு புத்தகம்.

மனைவி எல்லாவற்றையும் கட்டில் மேல் பரப்பிவைத்துப் பார்த்தாள். பூப் போட்டதைத் தடவினாள். சாம்பலை ஒதுக்கினாள்.

"மழை வர்ற வானமாட்டம் இருக்குதுங்க. இத போத்திக்கிட்டுப் படுத்தா எனக்கு இல்லாத காச்சலும் வந்துரும்."

"அனுப்பறவங்க யோசிக்காமயா கலர் போட்டிருப்பாங்க? புத்தகத்துல இருக்கற மாதிரி செய்யி அம்மணி" என்றேன்.

"புத்தகம் அவங்க ஊருக்குங்க. போர்வை எனக்கு."

எனக்கு என்று அவள் சொன்னதை அன்று நான் காதில் வாங்கவில்லை. அவளிடம் ஒரு மிதி மிஷின் இருந்தது. மகளுடைய பள்ளிச் சீருடை, என் தலையணை உறை, தெருவில் பாதிப் பேருடைய ஜாக்கெட் எல்லாம் அதில் ஓடியவைதான். தனக்கென்று அவள் அதில் எதையும் ஆசைப்பட்டுத் தைத்ததாக எனக்கு நினைவில்லை. தன் ஜாக்கெட்டைக்கூட மற்றவர்களுடையதை முடித்துவிட்டு, விசேஷத்துக்கு முதல் நாள் அவசரமாக அடித்துக்கொள்வாள்.

ஒப்பணக்கார வீதிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். பிட்டுத் துணிக் கடையில் ஒரு மத்தியானம் முழுக்க நின்றேன். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மிளகாய்ச் சிவப்பு, கத்தரிப்பூ நிறம் என்று அவள் எடுத்து எடுத்துப் பூத்துணி மேல் வைத்துப் பார்த்தாள். எனக்குக் கண் கூசியது. அவளுக்கு முகம் மலர்ந்தது. கடைசியில் அரக்கு நிறத்தில் ரெண்டு மீட்டர் கிழிக்கச் சொன்னாள்.

"இது எதுக்கு?"

"ஓரத்துக்குங்க. அவங்க குடுத்தது சுண்டுவிரல் மொத்தம் இருக்குது. கரையில்லாத சேலைய யாராச்சும் கட்டுவாங்களா? போர்வைக்கும் நல்லா ரெண்டு விரக்கடை அரக்குக் கரை வேணுமுங்க."

புதுத் துணியைச் சதுரமாக வெட்ட வேண்டும். அவள் தன் தையல் டேப்பையும் சாக்குக்கட்டியையும் எடுத்தாள். அப்போதுதான் நான் மூக்கை நுழைத்தேன். நாற்பது சதுரத்தையும் டேப் வைத்துக் கோடு போட்டால் ஒன்றுக்கொன்று பிசகும், நான் ஒரு பலகை செய்து தருகிறேன், அதை வைத்துச் சுற்றி வெட்டு என்றேன். ஆசையாகத்தான் சொன்னேன். பட்டறையை விட்டு வந்த பிறகு என்னிடம் யாரும் எதையும் செய்து தரச் சொல்லிக் கேட்கவில்லை.

புத்தகத்தைப் பார்த்தேன். வெட்டுகிற சதுரம் ஆறரை இஞ்ச், நாலு பக்கமும் கால் கால் இஞ்ச் தையலுக்குள் போய், தைத்த பிறகு ஆறு இஞ்ச். என் ஸ்கேலை வைத்து மெல்லிய பிளைவுட்டில் ஆறரை குறித்தேன். அறுத்து, அரம் போட்டு, மூலை மட்டம் வைத்துப் பார்த்து, உப்புத்தாள் தேய்த்துக் கொடுத்தேன். ரெண்டு நாள் வேலை. கிட்டில் வந்த சதுரம் ஒன்றை எடுத்து அந்தப் பலகை மேல் வைத்துப் பார்க்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? ஒரு நொடி. நான் வைக்கவில்லை. டிராயிங் இருக்கும்போது மாதிரியை எதற்குத் தொட வேண்டும்?

பதினைந்து நாளில் அவள் பத்து வரிசையையும் தைத்துவிட்டாள். வரிசைக்கு எட்டுச் சதுரம். கைபேசியில் யாரோ ஒரு பெண்மணி தைத்துக் காட்டுவதைப் பார்ப்பாள், நிறுத்துவாள், மிஷினை மிதிப்பாள். அரக்குத் துணியையும் தன் டேப்பாலேயே அளந்து, குறுக்குவாட்டில் வெட்டி, நீளமாகச் சேர்த்துச் சுருட்டி வைத்துக்கொண்டாள். அதற்கு மட்டும் என் பலகை தேவைப்படவில்லை. அந்தப் பதினைந்து நாளும் அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள்.

பிறகு வரிசையோடு வரிசையைச் சேர்க்க உட்கார்ந்தாள். பூ வரிசை மேல் மஞ்சள் வரிசையை வைத்தால், மஞ்சள் ஓர் இஞ்ச் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அடுத்ததும் அப்படியே. புது வரிசை ஐந்தும் நீளம், பூ வரிசை ஐந்தும் குட்டை. நடுவில் இருக்கிற தையல்கள் ஒன்றோடு ஒன்று சேரவில்லை.

"ஏனுங்க, சித்த இங்க வாங்க" என்றாள்.

ஸ்கேலோடு போனேன். புது வரிசையை அளந்தேன். நாற்பத்தெட்டு. எட்டாறு நாற்பத்தெட்டு, சரி. பூ வரிசையை அளந்தேன். நாற்பத்தேழு.

"புதுசு கரெக்ட்டா இருக்குது. பூவுலதான் நீ தையலுக்கு அதிகமா புடிச்சிருக்கற."

"கால் இஞ்ச்தானுங்க புடிச்சேன். ரெண்டும் ஒரே மிஷினு, ஒரே கை." டேப்பை எடுத்து அளந்தாள். "இதுல பாருங்க, பூவு நாப்பத்தெட்டு வருது. புதுசுதான் நாப்பத்தொம்பது. உங்க பலகை பெருசா இருக்குமாட்ட இருக்குதுங்க."

என் பலகை. ரெண்டு நாள் அரம் போட்ட பலகை. எனக்குச் சுருக்கென்றது.

"அது துணி டேப்பு. எத்தன தரம் தண்ணியில விழுந்திருக்கும்? சுருங்கிப்போயிருக்கும். எஃகு சுருங்காது அம்மணி."

"இருந்தாலும் ஒருக்கா பாருங்களே."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன்.

அன்றைக்கு எதிர்வீட்டம்மாவும் அங்கே இருந்தார். தைக்கிறதைப் பார்க்க வந்தவர். அவர் சிரித்தார். மனைவியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே டேப்பைச் சுருட்டி மிஷின் டிராயருக்குள் போட்டாள். பிறகு பூ வரிசைகளைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

மூன்று தரம் பிரித்தாள். குட்டையாக இருக்கிறதை நீளமாக்க வேண்டுமென்றால் தையலை ஓரத்துக்குத் தள்ள வேண்டும். தள்ளினாள். தள்ளத் தள்ளத் துணியில் பிடிப்பு இல்லாமல் போனது. பல்லு வெட்டிய ஓரம் கிழிந்து நூல் தொங்கியது. மூன்றாவது தரம் வரிசை என்னவோ நீளம் சரியாக வந்தது. கையில் தூக்கினதும் ரெண்டு இடத்தில் பிளந்துகொண்டது. எல்லாவற்றையும் மடித்துப் பெட்டியில் வைத்துப் பீரோ மேல் ஏற்றினாள்.

"வயசாயிருச்சுங்க. கண்ணு கைய ஏமாத்துது" என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பேப்பர் படித்தேன்.

கொஞ்ச நாளில் ஒரு காலையில், குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது, கரண்டியில் எடுத்து ஊதி என் முன்னால் நீட்டினாள். "உப்பு சரியா இருக்குதுங்களா?" எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியதே என்று நினைத்தேன். சரியா இருக்குது என்று பெரிய மனுஷன் போலத் தலையாட்டினேன். இன்று அதை நினைத்தால் எனக்கே என்னை அறையலாம் போல இருக்கிறது. பிறகு கோலம் போட்டுவிட்டும் கூப்பிட்டாள். படுக்கை விரிப்பை மடித்துவிட்டு, ஓரம் சேருதுங்களா என்று கேட்டாள்.

இப்படி ஆறு மாதம் போயிருக்கும். ஹாலில் இருக்கும் ஷோகேஸ் கதவுக் கண்ணாடி ஒன்று உடைந்தது. சட்டத்தை அளந்தேன். அகலம் என் ஸ்கேல் முழுநீளம், கச்சிதமாக ரெண்டடி. உக்கடத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் சொல்லி வெட்டி வாங்கிக்கொண்டு வந்து வைத்தால், கண்ணாடி சட்டத்துக்குள் நிற்கவில்லை. பக்கத்தில் அரை இஞ்ச் சந்து. கண்ணாடியையும் ஸ்கேலையும் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனேன்.

கடைக்காரர் பாய் பொறுமையான மனிதர். என் சத்தமெல்லாம் அடங்கும் வரைக்கும் காத்திருந்தார். பிறகு தன் இரும்பு டேப்பை இழுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். "இருபத்திநாலு இஞ்ச் சுத்தமா இருக்குதுங்கண்ணா. உங்க ஸ்கேல சித்த குடுங்க." வாங்கி டேப்புக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார். ரெண்டும் ஒரே இடத்தில் தொடங்கின. என் ஸ்கேலில் இருபத்திநாலு என்று போட்டிருந்த இடத்தில், அவர் டேப் இருபத்திநாலரை காட்டியது.

"இந்த மாதிரி ஸ்கேலு நான் பார்த்ததே இல்லீங்கண்ணா" என்றார் அவர், மரியாதையாகத்தான்.

நான் பார்த்திருக்கிறேன். ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். உருக்கி ஊற்றின இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மர அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாதென்று, எங்கள் தொழிலுக்கென்றே ஒரு ஸ்கேல் உண்டு. எஃகு வார்ப்புக்கானதில் ஒரு அடி என்பது நிஜ அடியைவிடக் கால் இஞ்ச் அதிகம். டிராயிங்கில் உள்ள எண்ணை அதில் வைத்துக் குறித்தால் போதும், சுருக்கத்துக்கான இடம் தானாக வந்துவிடும். பட்டறையில் என்னிடம் சாதா ஸ்கேலும் இருந்தது. கடைசி நாளன்று, என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் அதை ஞாபகத்துக்குக் கேட்டார், கொடுத்துவிட்டு வந்தேன். மிச்சமிருந்தது இது. மேலே பொறித்திருந்த எழுத்து என் கட்டைவிரல் பட்டுப் பட்டே தேய்ந்து போயிருந்தது. வீட்டில் ஒரு பலகை அடித்தேன், ஒரு ஸ்டூல் செய்தேன். அதிலேயே அளந்து அதிலேயே வெட்டினால் எல்லாம் பொருந்தத்தானே செய்யும். யாரோ எங்கோ சரியாக அளந்து வெட்டி அனுப்பின துணியோடு அது சேர்ந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அப்போதும் நான் பார்க்கவில்லை.

கூடம் கோணல்தான். ஆடினவள் சரியாகத்தான் ஆடியிருக்கிறாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அன்று செவ்வாய்க்கிழமை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவள், "கடைக்காரர் ஒத்துக்கிட்டாரா?" என்று கேட்டாள். வேறு கண்ணாடி தருகிறேன் என்றார் என்று சொன்னேன். மிச்சத்தை நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிற என் தங்கச்சி வீட்டிலேயே தையல் எடுத்துச் செய்துகொண்டிருந்தாள். அவளுடைய மிஷின் பழுதாகி நின்றிருந்தது. சும்மா கிடக்கிறதே என்று மனைவி தன் மிஷினை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை தங்கச்சி டெம்போ பிடித்துக்கொண்டு வந்தாள். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவே எனக்கு நாட்கள் இருந்தன. வெள்ளிக்கிழமை காலையில்கூட நேரம் இருந்தது. மிஷின் வாசலுக்கு வந்தபோது, நில்லுங்கள், இவள் கையில் தப்பில்லை, தப்பு என் ஸ்கேலில் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். தங்கச்சி முன்னால், டெம்போக்காரர் முன்னால், எதிர்வீட்டம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது? எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிட மேலான காரணம் ஒன்று இருந்திருக்கக் கூடாதா என்று பல தரம் தேடிப் பார்த்திருக்கிறேன், இல்லை. டெம்போக்காரர் ஒரு பக்கம் பிடித்தார். இன்னொரு பக்கம் நான் பிடித்தேன். மேலே ஏற்றிக் கயிறு கட்டி அனுப்பிவைத்தேன்.

அதற்குப் பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஒரு நாள் மறைத்ததைச் சொல்லிவிடலாம், மாதக்கணக்கில் மறைத்ததை என்னவென்று சொல்வது? ஸ்கேலைப் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டினேன். கடையில் ஓர் இரும்பு டேப் வாங்கினேன். ஸ்கேல் எங்கே என்று அவள் கேட்கவும் இல்லை.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். பேச்சோடு பேச்சாக, "அம்மா, அந்தக் குயில்ட் என்னாச்சும்மா? போத்திக்கிட்டு ஒரு போட்டோ அனுப்பச் சொன்னேனே" என்றாள்.

"எனக்கு வரலை கண்ணு" என்றாள் மனைவி, சிரித்த முகமாக. "உங்கப்பா பலகையெல்லாம் செஞ்சு குடுத்தாரு, பாவம். நாந்தான் கோணலா தெச்சு அத்தனையும் வீணாக்கிப்போட்டேன். எனக்கெல்லாம் இனி எதுக்கு அந்த வேலை?"

பாவம் என்றாள் என்னை. அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. மகள் போனை வைத்ததும், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன். ஸ்கேலையும் புது டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரும்பு சுருங்குவது, ஸ்கேல் நீளுவது எல்லாம் சொன்னேன். அவள் ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப என்ர டேப்பு சரிதானுங்களா?"

"சரிதான்."

"அத மிஷின் குடுத்தப்ப நான் குப்பையில போட்டுப்போட்டனுங்களே" என்றாள். ஏதோ உயிருள்ள ஒன்றை விட்டுவிட்டது போல அதற்குத்தான் முதலில் வருத்தப்பட்டாள். பிறகு ரெண்டு தண்டு கீரை ஆய்ந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"எப்பங்க தெரிஞ்சுது உங்களுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்றால் நம்பியிருப்பாள். "கண்ணாடி வாங்கப் போனப்ப" என்றேன்.

அவள் கணக்குப் போட்டாள். கை நின்றது.

"மிஷினுக்கு முன்னாடியா?"

"ஆமா."

"நீங்க ஒரு பக்கம் புடிச்சு ஏத்துனீங்களே" என்றாள்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஒரு பிடி கீரையைத் தூக்கி முகத்தில் எறிந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். போகிற போக்கில், "செரி உடுங்க, போனது போச்சு" என்றாள். தங்கச்சியிடம் கேட்டு மிஷினைத் திரும்ப வாங்கட்டுமா என்றதற்கு, அவள் அதில் பிழைக்கிறாள், கொடுத்ததைக் கேட்கக் கூடாது என்றாள். புதிதாக ஒன்று வாங்கட்டுமா என்றேன். "எனக்கு ஆசை உட்டுப்போச்சுங்க" என்றாள்.

பீரோ மேலிருந்து பெட்டியை நான் இறக்கினேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. ஊசியும் நூலும் எடுத்து உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோக்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

முதலில் பூச்சதுரங்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரம் கிழிந்திருந்தது நிஜம். ஆனால் கிழிசலுக்கு உள்ளே, அவள் முதல் தரம் தைத்துப் பிரித்த ஊசித் துளைகள் அப்படியே இருந்தன. வரிசையாக, நெருக்கமாக, நூல் பிடித்தது போல நேராக. புது டேப்பை வைத்து அளந்தேன். கால் இஞ்ச். அடுத்த சதுரம், கால் இஞ்ச். நாற்பதையும் அளந்தேன், அளந்து பார்ப்பது என் வியாதி. ஒரு பக்கம்கூடப் பிசகவில்லை. நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதேன். வயதான காலத்தில், கட்டிலில் துணியைப் பரப்பிவைத்துக்கொண்டு, ஒரு பட்டறைக்காரன்.

மஞ்சளையும் பச்சையையும் பிரித்துச் சரியான அளவுக்கு நறுக்கினேன். அதற்கெல்லாம் கோடு போட்டுத் தைத்தேன். கோடு நேராக இருந்தது, தையல் பாம்பாகப் போனது. பூ வரிசைக்குக் கோடே போடவில்லை. அவள் துளைக்குள் ஊசியை விட்டு எடுத்தேன், விட்டு எடுத்தேன். நாலு மாதம் ஆனது. அவள் பக்கத்துச் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்பாள், இந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். ஒரு முறை மட்டும், நான் விரலில் குத்திக்கொண்டபோது, எழுந்து போய் அவளுடைய விரலுறையைத் தேடி எடுத்து வந்து என் மடியில் போட்டாள்.

பஞ்சு வைத்து, அடித்துணி வைத்து, மூலைக்கு மூலை முடிச்சுப் போட்டேன். கடைசியில் ஓரப்பட்டி. பெட்டியின் அடியில் அந்த அரக்குச் சுருள் இருந்தது. மேலே ஒரு துண்டுக் காகிதத்தில் அவள் கையெழுத்தில் நீளம், அகலம். நான் அளக்கவில்லை. அப்படியே வைத்து முன்பக்கம் தைத்துக்கொண்டு போனேன். நாலு பக்கமும் சுற்றி, நாலு மூலையும் மடிந்து, தொடங்கின இடத்துக்கு வந்தபோது, புத்தகத்தில் எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும் என்று போட்டிருந்ததோ அவ்வளவு மிச்சம் இருந்தது. அந்தப் போர்வையில் என் ஸ்கேல் படாத ஒரே புதுத் துணி அதுதான். ரெண்டு விரக்கடை அரக்குக் கரை வந்ததும், கண் கூசிய அத்தனை கலரும் அடங்கி அழகாகிவிட்டது. அவள் கடையில் நின்றபோதே இதைப் பார்த்திருக்கிறாள்.

பட்டியைப் பின்பக்கம் மடித்துக் கையால் பொடித்தையல் போட வேண்டும். போட்டுக்கொண்டே வந்து, கடைசி ஒரு சாண் இருக்கும்போது நிறுத்தினேன். ஊசியில் நூல் கோத்துக் குத்தி வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

அவள் வந்து ஓரமாக உட்கார்ந்தாள். போர்வையை இழுத்து மடியில் போட்டு, பூ வரிசைத் தையல் மேல் விரலை ஓட்டினாள்.

"எத்தன நேரா வந்திருக்குதுங்க. உங்க கைக்கு அளவு தப்பாதுங்க" என்றாள்.

"அது உன்ர தையலு அம்மணி. உன்ர ஓட்டைதான். நான் அதுக்குள்ள நூலத்தான் உட்டேன்."

அவள் சிரித்தாள். சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிக்கிற சிரிப்பு அது. துளைகளைப் பற்றி, கால் இஞ்ச் பற்றி எவ்வளவோ சொன்னேன். தலையாட்டினாள். நம்பவில்லை. ஸ்கேல் தப்பு என்பதை நம்பினாள். தன் கை சரி என்பதை நம்பவில்லை.

ஊசியை எடுத்தாள். அரக்கை மடித்துப் பிடித்து நாலு தையல் போட்டாள். நான் போட்டது பக்கத்திலேயே இருந்தது, கோழி கிளறின மாதிரி. அவள் போட்டது கண்ணுக்கே தெரியவில்லை. நிறுத்தி, போர்வையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"சரியா இருக்குதுங்களா?"

"சரியா இருக்குது."

இன்னும் நாலு தையல் போட்டாள். திருப்பிக் காட்டினாள்.

"சரியா இருக்குதுங்களா?"

ஒரு சாண் தூரம்தான். முடிப்பதற்குள் பத்து தரம் கேட்டாள்.